கொடித் தண்டில் பூசிய திருநீறு

என் கையெழுத்தை முதலில் மன்னிக்க வேண்டும். கோழி கிளறியது போல இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழைகள் எங்கே இருக்கின்றன என்று எனக்கே தெரியாததால் திருத்தவும் முடியவில்லை.

மலேசியாவில், பகாவ் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நான்கு வருடம் வேலை செய்தேன். அது முன்பு ரப்பர் மரங்கள் நின்ற நிலம். முதலாளி அங்கே ஒயின் போடுவதற்கான சின்னக் கருப்புத் திராட்சையை நட்டு, மழை படாமலிருக்க மேலே பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தார். இந்த மண்ணில் திராட்சையா என்று பலர் சிரித்தார்கள். ஆனாலும் கொடி ஏறியது. மானேஜர், நான், ஓர் அக்கா, இந்த மூன்று பேர்தான் நிரந்தர ஆட்கள்.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கணவரை இழந்தவர். ரப்பர் எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளை இடித்தபோது போக்கிடம் இல்லாமல்தான் இந்த வேலைக்கு வந்தார். வேலையோடு தோட்டத்து மூலையில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அறையும் போய்விடும். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான் வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் லோரி, டிராக்டர், பால்வெட்டும் கத்தி எல்லாவற்றுக்கும் திருநீறு பூசுவோம். அந்தப் பழக்கம் என்னோடு திராட்சைத் தோட்டத்துக்கும் வந்தது. கடைசி வருடம் பூஜையன்று கத்தரிக்கோலுக்கும் மருந்துப் பம்புக்கும் பூசியதோடு நான் நிற்கவில்லை. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு கொடித் தண்டிலும் மூன்று விரலால் இழுத்துவிட்டேன். அடியில் பொரியும் சர்க்கரையும் தூவினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. முதல் பெரிய காய்ப்பு வரப்போகிற சந்தோஷத்தில் செய்தேன்.

கூரை இருந்ததால் மழை அந்தத் திருநீற்றைக் கழுவவில்லை. வரிசை வரிசையாக நடந்து பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. தண்டில் வெள்ளையாகத் தெரிந்தது. நான் பூசியதுதான் என்று கடந்துபோனேன். எறும்புகள் ஏறி இறங்கின. சர்க்கரைக்கு வருகின்றன என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் குலைகளைக் கட்டிக்கொண்டிருந்த அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. இது உன் துன்னூறு இல்லடா. கையில பிசுபிசுன்னு ஒட்டுது பாரு."

"பொரி சக்கரைக்கா. எறும்பு தூக்கிட்டு ஏறுதில்ல, அதான் ஒட்டுது."

"மூணு வாரமா தீராம இருக்குதா உன் சக்கரை? என்னா சக்கரை அது, எனக்கும் ஒரு கிலோ வாங்கிக் குடு."

அக்கா சிரித்தார்.

"நீ ரொம்ப பக்தி லா. பூச்சி வந்து நின்னாக்கூட சாமின்னு கும்புட்டுட்டுப் போவ. எதுக்கும் மானேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"சரிக்கா."

சொல்லவில்லை. செடிக்கெல்லாம் திருநீறு பூசினாயா என்று மானேஜர் கேட்பாரே என்ற கூச்சம். ஒரு வாரம் தள்ளினேன். பிறகு இன்னொரு வாரம்.

காய் கறுக்கும் பருவத்தில் இலைகளில் தேன் தெளித்தது போலப் பளபளப்பு வந்தது. அதன்மேல் அடுப்புக்கரி போலக் கறுப்புப் படிந்தது. மானேஜர் ஒரு தண்டின் தோலை நகத்தால் உரித்தார். உள்ளே பஞ்சு பஞ்சாக வெள்ளை. அந்தப் பஞ்சுக்குள் இளஞ்சிவப்பாகச் சின்ன உடல்கள் நகர்ந்தன.

"மாவுப்பூச்சி," என்றார்.

அது தோலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், மருந்து உள்ளே போகாது என்று அவர் சொன்னார். அது கழிக்கும் இனிப்புக்காக எறும்புகளே அதைப் பாதுகாக்குமாம், கொடிக்குக் கொடி தூக்கிக்கொண்டும் போகுமாம். அடுத்த நாளே தோலைச் சுரண்டினோம், மருந்து அடித்தோம். ஆனால் குலைகளுக்குள்ளேயே பூச்சி புகுந்துவிட்டிருந்தது. கையில் எடுத்த குலையெல்லாம் பசை பிடித்து நாறியது. ஒரு பழம்கூட ஒயினுக்குத் தேறவில்லை.

இவரால்தான் என்று முதலாளிக்கு யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. மானேஜர் சுற்றிவந்தபோது அக்காவின் அறை வாசலில் இருந்த செம்பருத்தியைப் பார்த்தார். சாமிப் படத்துக்குப் பூ வேண்டுமென்று அவர் வைத்த செடி. அதன் கொழுந்திலும் அதே வெள்ளை. செம்பருத்தியிலிருந்து கொடிக்கு வந்ததா, கொடியிலிருந்து அங்கே போனதா என்று எனக்கு இன்றும் தெரியாது. மானேஜருக்குச் சந்தேகமே வரவில்லை.

"வெளிச் செடி கொண்டாரக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா? கண்ணால பாத்துட்டும் ஏன் யாரும் சொல்லல?"

"நான் அன்னிக்கே தம்பிகிட்ட சொன்னேன் சார். நிக்கிறானே, கேளுங்க," என்றார் அக்கா.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "சொன்னாங்களா?"

என் வேலை, என் பிள்ளையின் காலேஜ் எல்லாம் மனதில் ஓடின. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஞாபகம் இல்ல சார்."

அக்கா சண்டை போடவில்லை. "சரி, விடுங்க சார்," என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் அறையைக் காலி செய்தார். வேனில் சாமான் ஏற்ற நானும் போனேன். கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது, "மெதுவாடா, இடுப்பு புடிச்சிக்கும்," என்றார். அவ்வளவுதான் பேசினார். வேறு வழி இல்லாமல் சுங்கை காடுட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

சில மாதங்களில் கொடிகளையெல்லாம் வெட்டிக் கொளுத்தச் சொன்னார்கள். நான்தான் வெட்டினேன். மானேஜர் எனக்குச் செண்டாயானில் ஒரு கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தார். நல்ல ஆள் என்று என்னைப் பற்றிச் சொன்னாராம்.

போன வாரம் சுங்கை காடுட் போனேன். வீட்டில் அக்கா மட்டும் இருந்தார். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த மெத்தை, அதன் மேல் மடித்த இரண்டு சேலை. அதுதான் அவருடைய இடம்.

"அக்கா, நீங்க அன்னிக்குச் சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருந்துச்சு," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்," என்று தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்தார். "என்கிட்ட ஏன்டா சொல்ற? மகன்கிட்ட சொல்லு. செடி வச்சி, இருந்த வீட்டையும் கெடுத்துக்கிட்டு என் தலையில வந்து உக்காந்துட்டேன்னு தெனம் ஏசுறான்."

மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தேன். வந்தார். செருப்பைக் கழற்றினார். நலம் விசாரித்தார். அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதனால் இந்தத் தாள்களை அந்த மகனுக்கே முதலில் அனுப்புகிறேன். உங்கள் அம்மா நேரத்தில் பார்த்தார், நேரத்தில் சொன்னார். பார்க்க வேண்டியவன் நான். கேட்டவனும் நான். மறக்கவில்லை.

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை.