நாக்கில் வைத்த ஒரு வாய் ஷெரி

மலேசியாவில், போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மது பரிமாறுவது என் வேலை. ஷெரி என்ற பழைய இனிப்பு ஒயின் ஒரு பாட்டில் கிடைத்தபோது, லிங்கி எஸ்டேட்டில் இருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் கெட்டவர். அதை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

“இது போதைக்கு இல்லண்ணே, ருசிக்கு. ஒரு வாய்தான் லா.”

பாகுபோல் கறுப்பாகக் கிளாஸில் இறங்கியது. சம்சு குடித்த பழக்கத்தில், மூச்சை அடக்கி ஒரே மடக்கில் விழுங்கப் போனார். கையைப் பிடித்தேன்.

“நாக்குல வச்சிருங்கண்ணே.”

கண்ணை மூடினார். “காஞ்ச திராட்ச. கருகுன வெல்லம். இத்தன வருசம் குடிச்சேன் தங்கச்சி, ருசின்னு ஒண்ணு இருக்கிறது இன்னிக்குத்தான் தெரியுது.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரம் அண்ணி போன் செய்து அழுதார். நான் போனபோது அண்ணன் சம்சு நாற்றத்தோடு கிடந்தார். ஷெரி பாட்டில் அன்று நான் விட்டுவந்த அளவு குறையாமல் அலமாரியில் இருந்தது.

“அத ஏண்ணே தொடல?”

“அது நல்ல சாமான் தங்கச்சி. நீ வந்தா ருசிக்கலாம்னு வச்சிருக்கேன்,” என்றார் குழறலாக.

அந்தக் குடியிலிருந்து அவர் அதன்பின் மீளவே இல்லை. ஷெரியின் ருசி எப்படி என்று விருந்தினர்கள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். காய்ந்த திராட்சை, கருகிய வெல்லம் என்கிறேன்.