வாசல் பானையும் ரவுட்டரும்

பௌர்ணமி அன்று எங்கள் வீட்டில் செல்போன் மணி பார்க்க மட்டும்தான் உதவும். வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. மதியம் தாண்டினால் ரோடு முழுக்கத் தலைகள்தான். ஒவ்வொரு கையிலும் ஒரு போன். டவர் பாவம், அதுவும் எவ்வளவுதான் தாங்கும்? சிக்னல் கோடு எல்லாம் ஜம்மென்று நிற்கும், ஆனால் ஒரு மெசேஜ் போகாது. மறுநாள் விடிந்ததும் எல்லாம் சேர்ந்து வந்து விழும்.

இதை நான் இவ்வளவு கவனித்ததற்குக் காரணம் என் வேலை. சென்னையில் இருக்கும் ஒரு மருத்துவக் காப்பீட்டு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லும் வேலை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, ஆபரேஷனுக்கு அனுமதி வந்ததா இல்லையா என்று கேட்பவர்களுக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். அழைப்பு கம்ப்யூட்டர் வழியாகத்தான் வரும், அதனால் நெட் நின்றால் வேலையும் நின்றுவிடும். சேரும்போதே மேலதிகாரி அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஆரம்பத்துல கொஞ்ச மாசம் பார்ப்போம். லைன் கட் ஆச்சுன்னா நீங்க சென்னை ஆபீசுக்கு வந்துடணும்." சென்னைக்குப் போவதென்றால் ஹாஸ்டலில் தங்க வேண்டும். கணவருக்குப் பக்கத்து ஊர் வேங்கிக்காலில் அரசாங்க உத்தியோகம், அவர் வர முடியாது. மாமனாரைத் தனியே விட முடியாது. நாற்பது வயதுக்கு மேல் கிடைத்த முதல் வேலை இது. அதை விடவும் எனக்கு மனமில்லை, வீட்டை விடவும் மனமில்லை.

அதனால் ஃபைபர் லைன் போட்டோம். கம்பி ரோட்டுக் கம்பத்திலிருந்து வந்ததால் மோடத்தை முன்னறை ஜன்னல் ஓரம் மாட்டிவிட்டுப் போனார் லைன்காரர். நான் வேலை செய்வது கடைசி அறையில். முன்னறையில் உட்கார்ந்தால் பௌர்ணமி அன்று "அரோகரா"வும் பொரி விற்கிறவர் குரலும் ஒலிபெருக்கியும் எல்லாம் ஆஸ்பத்திரியில் நிற்கிறவர் காதில் போய் விழும். கடைசி அறைக்கோ மோடத்தின் வைஃபை எட்டவில்லை. பழைய செங்கல் சுவர், நல்ல கனம். அதைக் கேட்டதற்கு லைன்காரர், "தனியா ஒரு ரவுட்டர் வாங்கிப் போட்டுக்குங்க மேடம், ஈசிதான்" என்றார். எதையாவது ஈசி என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

ரவுட்டரையும் நீளமான கேபிளையும் டவுனில் வாங்கி வந்தோம். கதவு நிலைக்கு மேலே கேபிளைக் கொண்டுபோய்க் கிளிப் அடித்தது கணவர். மீதியெல்லாம் என் தலையில். ரவுட்டரின் பின்புறம் ஒரே நிறத்தில் நான்கு ஓட்டைகள், தள்ளி வேறு நிறத்தில் ஒன்று. நான்கு இருக்கிறதே, அதுதான் முக்கியம் போல என்று அதில் ஒன்றில் கேபிளைச் சொருகினேன். வைஃபை வந்தது, நெட் வரவில்லை. ஆரஞ்சு விளக்கு என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. ரவுட்டரை, கடைக்காரரை, கேபிளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்ற கணவரை என்று வரிசையாகத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் கூட வந்த சின்னத் தாளைப் படித்தேன். மோடத்திலிருந்து வருகிற கம்பி அந்தத் தனி ஓட்டைக்குத்தான் போக வேண்டுமாம். மாற்றிச் சொருகி, முதலில் மோடத்தை அணைத்துப் போட்டு, அதன் விளக்குகள் நின்று எரிந்த பிறகு ரவுட்டரைப் போட்டேன். பச்சை வந்தது. மோடத்தை விட ரவுட்டருக்குச் சக்தி அதிகம், சிக்னல் கேட் வரைக்கும் எட்டியது. மோடத்தின் சொந்த வைஃபையை மட்டும் அணைத்துவிட்டேன். இல்லையென்றால் லேப்டாப் புது ரவுட்டரை விட்டுவிட்டு அந்த அரை உயிர் சிக்னலையே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

இத்தனையையும் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, ரெண்டு பொட்டி? ஒண்ணு போதாதா?"

"தெருவுல இருந்து தண்ணி லைன் வருதில்ல மாமா, அது மாதிரி இந்த மோடம். அத வாங்கி ரூம் ரூமுக்கு கொழாய்ல விடுறது அந்த ரவுட்டர்."

"அப்போ நெட்டும் தண்ணி மாதிரிதான்னு சொல்லு."

"ஆமா மாமா, தண்ணி மாதிரிதான்."

சுலபமாகப் புரிய வைத்துவிட்டோம் என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

தண்ணீர் என்றால் அவருக்கு வேறு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. பௌர்ணமி தவறாமல் எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு மண்பானை வைப்பார். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர். பானை காலியாகக் காலியாக அவரே மோட்டார் தண்ணீரைப் பிடித்து வந்து ஊற்றுவார். நடப்பவர்கள் நின்று குடித்துவிட்டுப் போவார்கள். மாதா மாதம் வருகிறவர்கள் சிலருக்கு அவர் முகமே பழக்கம். நான் வாழ வந்த பிறகு அந்தப் பானை வெளியே வராத ஒரே பௌர்ணமி, மாமியார் இறந்த மாதம்தான்.

ரவுட்டர் போட்ட பிறகு வந்த முதல் பௌர்ணமியில் காலையெல்லாம் லைன் கல் மாதிரி அசையாமல் இருந்தது. சாயங்காலம் நெருங்க நெருங்கத்தான் குரல் உடையத் தொடங்கியது. மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஒருவரிடம், "அனுமதி வந்திருக்குங்க சார்" என்று சொல்கிறேன். அவர், "ஹலோ, மேடம், வந்துச்சா, வரலியா?" என்றே கத்துகிறார். அழைப்பு அறுந்தது. அடுத்ததும் அறுந்தது. மேலதிகாரியிடமிருந்து செய்தி வந்தது: "என்ன ஆச்சு? இப்படின்னா கஷ்டம்."

ரவுட்டரின் ஆப்பைத் திறந்தேன். யார் யாரெல்லாம் நம் வைஃபையில் இருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

எங்கள் மதில் ஓரம் முழுக்க ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் போன். ஒரு பெண் வீடியோவில் தன் வீட்டுக்கு மலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே, அடுத்தவருக்கு எங்கள் வீட்டுப் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மொத எழுத்து மட்டும் பெருசுங்க, மீதி சின்னது."

"மாமா! இன்னா பண்றீங்க?"

"பாவம்மா, யாருக்கும் போன் போவல. கூட்டத்துல தொலைஞ்சி போனவங்கல்லாம் கீறாங்க. நம்ம வீட்ல ஜாஸ்தியா கீதே."

"அதுலதான் மாமா என் வேலையே கீது!"

"தண்ணி மாதிரின்னு நீதானம்மா சொன்ன?"

ஆத்திரத்தில் என் குரல் உயர்ந்தது. வேலை போய்விடும், நான் சென்னைக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், அப்புறம் யார் சோறு போடுவார்கள் என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டார். உள்ளே போய்ப் பாஸ்வேர்டை மாற்றினேன். மதில் ஓரம் கொஞ்ச நேரத்தில் காலியானது. நான் செய்தது சரிதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் அன்று இரவு மோர்சாதத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

மேலதிகாரி ஒளிவுமறைவில்லாமல் பேசினார். அடுத்த பௌர்ணமிக்கும் லைன் இப்படி என்றால் சென்னைக்கு வந்துவிட வேண்டும், இல்லை வேலையை விட்டுவிட வேண்டும். மாமனாரிடம் அதைச் சொன்னேன். "சரிம்மா" என்றதோடு சரி.

அடுத்த பௌர்ணமி வந்தது. கணவருக்கு அன்று கிரிவலக் கூட்டத்துக்கான டூட்டி போட்டிருந்தார்கள், விடியற்காலையே கிளம்பிவிட்டார். நான் கடைசி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு அழைப்புகூட அறுந்துபோகவில்லை. சாயங்காலம் ஆக ஆக ரவுட்டரையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன், பச்சை விளக்கு அசையவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஷிப்ட் முடிந்தது. மேலதிகாரியின் செய்தி உடனே வந்தது: "இன்னைக்கு ஒரு கம்ப்ளைண்ட் இல்ல. நீங்க வீட்டுலயே கன்டினியூ பண்ணுங்க."

சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமனாரிடம் சொல்ல முன்னறைக்கு ஓடினேன்.

முன்னறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. மாமனார் மோடத்துக்குக் கீழே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். வெளியே எட்டிப் பார்த்தால், கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு தொங்கியது. மண்பானை முற்றத்தில் காய்ந்தபடி கவிழ்ந்து கிடந்தது.

"பானை வைக்கலியா மாமா?"

"வெச்சா தண்ணி குடிக்க நிப்பாங்க. நின்னா போன தடவ மாதிரி நெட்டையும் கேப்பாங்க. எனக்கு இல்லன்னு சொல்ல வாய் வரலம்மா. அதான் கேட்டையே சாத்திட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்து, "உன் வேலை இன்னாச்சி?" என்றார்.

"நெலைச்சிடுச்சி மாமா. வீட்லயே இருக்கச் சொல்லிட்டாங்க."

"அப்பாடா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் பகல் முழுக்க இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் அவர் மேல் வந்த பாசம் இதுவரை யார் மேலும் வந்ததில்லை.

ரவுட்டர் ஆப்பை மறுபடி திறந்தேன். விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒரு வைஃபை அதில் உண்டு. முதல் நாளே பார்த்திருந்தேன், நம் வீட்டுக்கு யார் வரப் போகிறார்கள் என்று தள்ளிவிட்டேன். அதைத் திறந்தேன். வேகத்தை ஒரு மெசேஜும் ஒரு போன் குரலும் போகிற அளவுக்குக் குறைத்தேன். கிரிக்கெட் ஓடாது. ஆனாலும் அத்தனை கூட்டமும் என் வேலை ஓடுகிற ரவுட்டரிலேயே ஏறும் என்று யோசித்தேன். அணைத்து வைத்திருந்த மோடத்தின் வைஃபை ஞாபகம் வந்தது. அதுதான் ஜன்னல் ஓரம், கேட்டுக்குப் பக்கம். அதன் அமைப்புப் பக்கத்திலும் வேகத்துக்குக் கட்டுப்பாடு போட இடம் இருந்தது, போட்டேன். விருந்தாளி வைஃபையை மூடிவிட்டு, மோடத்தை ரோட்டுக்கென்றே விட்டேன். ரவுட்டர் வீட்டுக்கு. பாஸ்வேர்டே வைக்கவில்லை.

பானையைக் கழுவி நிரப்பி நானே தூக்கிக்கொண்டேன். மாமனார் பூட்டைத் திறந்தார். திறந்துவிட்டு, "நாளைக்கு உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று மறுபடி கேட்டார்.

"ஆவாது மாமா. இது வேற கொழாய்."

கேட்டைத் திறந்த சத்தம் கேட்டு, எதிரே பொரிக்கடை ஓரம் நின்றிருந்த ஒரு வயதான தம்பதி வேகமாக எங்களிடம் வந்தார்கள். மாதா மாதம் நின்று குடிக்கிறவர்கள். போனை எடுக்கவில்லை, வைஃபையும் கேட்கவில்லை. அந்த அம்மா தண்ணீரைக்கூடக் கேட்கவில்லை. மாமனாரின் முகத்தையே பார்த்தார்.

"கேட்டு சாத்திக் கெடந்துச்சி. பானையும் காணோம். போவ மனசு வரல, இங்கியே நின்னுட்டோம். வீட்ல ஏதாவது துக்கமாங்க?"

"இல்லம்மா, இல்ல" என்றார் மாமனார். அவசர அவசரமாக டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு நீட்டினார். "எல்லாரும் நல்லா கீறோம். எங்க மருமகளுக்கு இன்னிக்கு வேலை நெலைச்சிடுச்சி."