மாமியார் குரலும் குடிகாரக் குரலும்

குரலால் மட்டும் நடிப்பவருக்கு முகம் கிடையாது. ஆகவே கேட்பவர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த மிகப் பொல்லாத முகத்தை எடுத்து அவருக்கு மாட்டிவிடுவர். தொலைக்காட்சி நடிகைக்கு இந்தத் தொல்லை பாதிதான். அவள் பூசிய சாயமும், உறங்கும்போதும் கழற்றாத நகைகளும், இது வேடம் என்பதை அறிவித்துவிடும். எங்கள் நாடகமோ தேங்காய் துருவும்போதும் சீருடை அழுத்தும்போதும் காதுக்குள் புகுந்து, அடுப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்துகொள்கிறது. அடுப்படி வரை வந்தவரை எவரும் நடிகர் என்று கருதுவதில்லை. உறவினர் என்றே கருதுவர். உறவினரை எவ்வாறு நடத்துவது வழக்கம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் பாடசாலையொன்றின் பிரதி அதிபராக இருந்து ஓய்வுபெற்ற நான், இப்போது கண்டி நகரின் மஹய்யாவையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒலிப்பதிவாகும் தொடர் நாடகத்தில் கொடிய மாமியாராக நடிக்கிறேன். நான் அதை வலையொலி நாடகம் என்பேன். அதைத் தயாரிக்கும் கவிதா, பகலில் தனியார் அலுவலகமொன்றில் கணக்குப் பார்ப்பவள், பொட்காஸ்ட் என்பாள். கேட்பவர்கள் 'போன்ல வர்ற கதை' என்பார்கள். ஏதோ ஒரு தொடரின் பொருட்டு வீட்டில் குழம்பு தீய்ந்து, பட்டினியால் அவதியுற்ற வாசகர்களே, அந்தக் குழம்பைத் தீய வைத்தவர்களும் அவதியுறுகிறார்கள் என்று அறிந்தால் உங்களுக்குச் சிறிது ஆறுதல் கிட்டலாம். எங்களுள் ஒருவனுக்கு ஏறக்குறையக் கல்யாணமே நின்றுபோயிற்று. அதையும் முறைப்படி சொல்கிறேன்.

கத்தரிக்காய்க்கு ஒரு நிபந்தனை

கண்டிச் சந்தையில் நான் எப்போதும் மரக்கறி வாங்கும் வியாபாரி ஒரு முஸ்லிம் அன்பர். என்னிடம் படித்த பிள்ளைகளின் தகப்பனார். மிகுந்த மரியாதை உடையவர். ஒரு நாள் நான் கத்தரிக்காய் கேட்டதும், எடுக்கப்போன கை நின்றுவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தார். "இன்னொருக்காச் சொல்லுங்க டீச்சர்," என்றார். சொன்னேன். உடனே பக்கத்துக் கடைக்காரரைக் கூவி அழைத்தார். "இவங்கதான் அது! எங்கட ஊட்டுல ஒவ்வொரு நாளும் பொஞ்சாதி ஏசுற மாமி!"

இருவரும் என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நாடகத்தில் என் மருமகளாக வரும் பெண் முந்தைய நாள் வெளியான பகுதியில் அழுதுகொண்டே உண்ணாமல் படுத்துவிட்டாள். அது எழுதப்பட்ட கதை என்பதையும், அந்த மருமகளாக நடிப்பவள் நாள்தோறும் என் பங்கையும் சேர்த்து உண்பவள் என்பதையும் நான் நிதானமாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பிறகு நல்ல காய்களாகப் பொறுக்கி, பையில் இட்டு, அதை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "தாறேன் டீச்சர், தராம என்ன. ஆனா அந்தப் புள்ளைக்கும் ரெண்டு துண்டு வைப்பீங்கண்டு சொல்லிட்டுக் கொண்டுபோங்க."

ரொட்டியாக முடிந்த கன்னம்

எங்கள் கலையகம் என்பது நான்கு சுவர்களிலும் போர்வைகள் தொங்கும் ஒரு படுக்கையறை. மழை பெய்தால் தகரக் கூரை பேசும். மழை விட்டால் அயல்வீட்டு நாய் பேசும். இரண்டும் ஓய்ந்தால் மாத்தளை ரயில் வரும். இவற்றிற்கிடையே கிடைக்கும் அமைதியில்தான் நாங்கள் அழவும் சிரிக்கவும் சாபமிடவும் வேண்டும். சத்தங்களை உண்டாக்குபவர் நடராசா. யாழ்ப்பாணத்தவர், தபாற் கந்தோரில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், நாடகத்தில் என் கணவர். சுளகில் அரிசியைப் புடைத்து மழை பெய்விப்பார். பழைய குடையை விரித்துச் சுருக்கிப் புறாக்களைப் பறக்கவிடுவார்.

மருமகளை நான் அறையும் காட்சி வந்தது. கையோடு கை தட்டிப் பார்த்தோம்; பாராட்டுவது போல் கேட்டது. தொடையில் தட்டினார், நுளம்பு அடிப்பது போல் கேட்டது. ஈற்றில் நடராசா கோதுமை மாவைக் குழைத்து, ஒரு முகத்தின் அளவுக்கு உருட்டி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அதில் அறைந்தால் கேட்பவரின் கன்னமே எரியும். ஆயினும் கவிதாவுக்குத் திருப்தியில்லை. மறுபடியும், மறுபடியும் என்றாள். நானும் சிரத்தையோடு அறைந்தேன். ஒரு கட்டத்தில் நடராசா தட்டை என் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டார். "காணும் டீச்சர், இனி அடிக்கிறதெண்டால் நாளைக்கு வேறை கன்னம் குழைச்சுத் தாறன். இதிலை இப்ப ரொட்டி சுடவேணும், பசிக்குது."

பலாக்கொட்டைப் பயிற்சி

என் மகனாக, அதாவது கதையில் நாள்தோறும் குடித்துவிட்டு வரும் கணவனாக நடிப்பவன் சுரேஷ். கண்டி நகரில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். நல்ல குரல்; ஒழுக்கமான பிள்ளை. அவனுடைய குறை, மதுவை வாயில் வைத்தே அறியாதவன் என்பதுதான். முதல்நாள் அவன் பேசிய குடிகார வசனம், காய்ச்சல்காரன் மருந்து கேட்பது போலிருந்தது.

பேச்சுப் பயிற்சி அளிப்பது என் பொறுப்பு. அவித்த பலாக்கொட்டை ஒன்றை அவனுடைய கன்னத்தில் அடக்கி, நாக்கைத் தளரவிட்டு, சொற்களின் கடைசியை இழுக்கச் செய்தேன். இரண்டு கிழமைகளில் அந்தப் பிள்ளை தேர்ந்துவிட்டான். சாக்கடையில் விழுந்து கிடந்து மனைவியை அழைக்கும் காட்சியை அவன் பேசி முடித்தபோது அறையில் எவரும் அசையவில்லை. பயிற்றுவித்தவள் என்ற முறையில் எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று. அதை மறைக்கவும் இல்லை. காதிலிருந்த கருவியைக் கழற்றிய கவிதா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்: "டீச்சர், சத்தியமா மைக்லயே சாராய வாடை அடிக்குது!"

பெண் வீட்டின் முடிவு

அந்த நாட்களில் சுரேஷுக்கு வத்தேகமையில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் பெயர் தர்ஷினி. கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. பெண்ணின் தாயார் மகேஸ்வரிக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. பரிசம் போட நாள் பார்ப்பது மட்டுமே மீதி. அந்த வேளையில் தர்ஷினி, தன் வருங்காலக் கணவரின் திறமையைத் தாயார் அறியட்டும் என்ற நல்ல எண்ணத்தில், கைத்தொலைபேசியை அடுப்படியில் வைத்து அந்தச் சாக்கடைக் காட்சியைப் போட்டுக் காட்டினாள்.

மகேஸ்வரி முழுவதையும் கேட்டுவிட்டு, கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார். நாடகம் எது, நடப்பு எது என்று அறியாத பெண்மணி அல்லர் அவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். குடிகாரக் கணவரோடு பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் சொன்ன நியாயம் இதுதான்: கதை பொய்யாக இருக்கலாம், ஆனால் குடித்துப் பழகாதவனுக்கு அந்தப் பேச்சு வராது, தாம் விழுந்த குழியில் மகளைத் தள்ளமாட்டார். தர்ஷினி அழுதாள், உண்ண மறுத்தாள், தாயார் அசையவில்லை. சுரேஷ் ஒலிப்பதிவுக்கு வந்து வாசலிலேயே நின்றான். என்ன நடந்தது என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, குற்றம் சாட்டும் தொனி சிறிதுமின்றி முடித்தான்: "நீங்க ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுத்துட்டீங்க டீச்சர். எனக்குத்தான் பொண்ணு இல்லாமப் போச்சு."

சாட்சி சொல்லப் போனவள்

நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையால் அடக்கியவளுக்கு ஒரு தாயாரை இணங்க வைப்பது பெரிய காரியமன்று என்று எண்ணினேன். நற்சாட்சி கூற நானே வருவதாகச் சொல்லி, அடுத்த பௌர்ணமிப் போயா தினத்தன்று சுரேஷின் வண்டியிலேயே வத்தேகமைக்குப் போனேன். போயாவைத் தெரிந்தெடுத்தது தர்ஷினி. அன்று மதுக்கடைகள் பூட்டியிருக்கும். அவளுடைய தகப்பனார் நிதானமாக இருப்பார். நாங்கள் போனபோது அவர் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களோடு பேசக்கூடாது என்பது மனைவியின் கட்டளை போலும். எங்களைக் கண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே கதிரை போட்டார்கள். தேத்தண்ணியும், பல்லில் ஒட்டும் தொதல் இனிப்பும் வந்தன. நான் தொண்டையைச் செருமி, "அம்மா, இந்தப் பிள்ளையின் ஒழுக்கத்துக்கு நான் பொறுப்பு," என்று தொடங்கினேன். அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள், அவர்களுள் ஒருத்தி மற்றவளிடம், "அவளேதான்டி, அந்த ராட்சசி!" என்று, என் காதில் விழுமென்ற கவலை சற்றுமின்றிச் சொன்னாள். நான் பிரதி அதிபராயிருந்ததையும், பெற்ற விருதுகளையும், மனிதரை எடைபோடுவதில் எனக்குள்ள பழக்கத்தையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அந்த வீட்டாரின் முகங்கள் இறுகுவதைக் கண்டேன். மகேஸ்வரி மட்டும் மரியாதை தவறவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்: "மன்னிச்சிருங்கம்மா, நீங்க ஒரு வார்த்தையும் பேசாம வந்து உக்காந்திருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பேன்."

படியில் இருந்தவர்

சுரேஷ் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்தான். "அத்தை, அது வெறும் வித்தைங்க. வாயில ஒரு பலாக்கொட்டை. இப்பவே செஞ்சி காட்டுறேன்," என்றான். பலாக்கொட்டைக்கு எங்கே போவது? தட்டிலிருந்த தொதல் துண்டொன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அதே சாக்கடைக் காட்சியை, அந்த நடுவீட்டில், பெண் கேட்டு வந்த இடத்தில், பேசிக் காட்டினான்.

மிக நன்றாகப் பேசினான், அதுதான் ஆபத்தாயிற்று. வித்தை என்று நிரூபிக்கப் போனவன், பழக்கம் என்றே நிரூபித்துவிட்டான். தர்ஷினி முகத்தை மூடிக்கொண்டாள். மகேஸ்வரி எழுந்துவிட்டார். "பார்த்தீங்கதானே? தொதலுக்கா இந்த நாக்கு வரும்? எழும்புங்க தம்பி, போயிட்டு வாங்க," என்றார். நானும் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் படியிலிருந்த தகப்பனார் உள்ளே வந்தார். யாரும் அழைக்கவில்லை.

"தம்பி, ஒனக்கு இதைச் சொல்லிக்குடுத்தது யாரு?"

சுரேஷ் என்னைக் காட்டினான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா கோவிச்சுக்கக் கூடாது. ஒங்களுக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. இப்படி ஒளறிக்கிட்டு எவனாச்சும் வீட்டுக்கு வருவானா? பொண்டாட்டி கண்டுபுடிச்சிருவாளே! குடிச்சவன் வாசல்ல நிப்பான். தொண்டையச் சரி பண்ணுவான். ஒவ்வொரு வார்த்தையா, முட்டையத் தூக்கி வக்கிற மாதிரி வப்பான். 'மகேஸ்வரி, நீங்கள் சாப்பிட்டீர்களா?' அப்படின்னு ரேடியோவில நியூஸ் வாசிக்கிறவன் கணக்கா கேப்பான். குடிக்காதவன்தான் குடிகாரன் மாதிரிப் பேசுவான். குடிச்சவன் குடிக்காதவன் மாதிரித்தான் பேசுவான். இந்தப் பயலுக்கு அதுகூடத் தெரியல. மோந்துகூடப் பார்த்திருக்க மாட்டான்."

என் பயிற்சியில் ஒருவர் குறை கண்டது அதுவே முதல் தடவை. மறுத்துரைக்க எனக்கு அந்தத் துறையில் அனுபவம் போதாது.

மகேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றார். கணவரைப் பார்த்தார், வாயில் தொதலோடு விழித்துக்கொண்டிருந்த சுரேஷைப் பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வது போல் மெல்லச் சொன்னார்: "ஆமா. வந்ததும் கதிரையெல்லாம் நேரா அடுக்குவாரு. குடிக்காத நாள்ல ஒரு கதிரையத் தொட மாட்டாரு." வாசலில் நின்ற பெண்களுள் ஒருத்தி சிரித்துவிட்டாள். மகேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. அது நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் கதவைப் போல் சிரமப்பட்டே திறந்தது. தகப்பனார் சிரிக்கவில்லை. தாம் சொல்லிவிட்டது என்னவென்று அப்போதுதான் உணர்ந்தவர் போல் மீண்டும் படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மகேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்துச் சுரேஷின் பக்கம் நீட்டினார். "துப்பாதீங்க, முழுங்குங்க மாப்பிள்ளை, இன்னொன்னு எடுங்க. தர்ஷினி, டீச்சருக்குச் சூடா வேற தேத்தண்ணி ஊத்து, நாள் பாக்கணும்." பிறகு படியின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தினார்: "இந்த மனுசன் குடிச்ச குடிக்கு இன்னைக்குத்தான் இந்த வீட்டுக்கு ஒரு பிரயோசனம்!"

கேட்பவர் நம்பும்படி பொய் பேசுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறோம்; அவர்கள் நம்பிவிட்டால், அது பொய்தான் என்று மெய்ப்பிக்க வீடு வீடாகப் போய்த் தொதல் தின்ன வேண்டியிருப்பதே, சக அவதியாளரே, எங்கள் தொழிலின் உச்சப் பெருமை.