மேகம் மறைக்காத வியூ

வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு நான் செய்த வெப்சைட்டைக் காட்ட இன்று போயிருந்தேன். முதல் பக்கத்தில் படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். ரெடிமேடாக எதையும் எடுக்காமல் கோடிங்கில் ஒவ்வொரு வரியும் நானே எழுதியது. திரை பெரிதோ சிறிதோ, படம் அதற்கேற்றபடி தன் அளவை மாற்றிக்கொள்ளும்.

ஓனர் அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அங்கே தங்கியிருந்த மதுரைக்காரர் ஒருவர் கடுகடுவென்று வந்தார்.

"வியூ ரூம்னு சொன்னீங்க. ஜன்னலைத் தொறந்தா வெள்ளையாத்தான் கெடக்கு."

"மேகம் எறங்கிருச்சுங்க, நான் என்ன செய்ய? இதுல பாருங்க" என்று அக்கா மானிட்டரை அவர் பக்கம் திருப்பினார்.

பள்ளத்தாக்கு நகர்ந்து வந்தது. அடுத்து அருவி. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தன் செல்போனிலும் அதே பக்கத்தைத் திறந்தார். அந்தச் சின்னத் திரையிலும் பள்ளத்தாக்கு ஓரம் வெட்டுப்படாமல் முழுசாக நின்றது.

"எந்தக் கம்பெனி செஞ்சது?"

"கம்பெனியெல்லாம் இல்லைங்க. இந்தா நிக்கிறாருல்ல, இந்தத் தம்பி சோலிதான்."

காலரைத் தூக்கிவிட்டிருப்பேன். ஸ்வெட்டருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

மேகம் விலகிவிட்டால் என் பள்ளத்தாக்கை யார் பார்ப்பார்கள்? இன்னும் ரெண்டு நாள் மேகம் அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டால் தப்பா, சொல்லுங்கள்.