ஓலைத்தொடுவாய் செலீனாவும் விமானத்துத் திரையும்

ஓலைத்தொடுவாயிலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணும் கொழும்புக்கு வான் வண்டி ஏறுமுன் செலீனாவின் வளவுக்கு ஒருதரம் வந்துபோவாள். பாஸ்போர்ட், மருத்துவச் சோதனை, ஏஜென்சி எல்லாவற்றையும் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்த விமானம் எப்படிப்பட்டது என்று கேட்பதற்கு மட்டும் செலீனாவை விட்டால் ஆளில்லை. அவள் பாயில் காய்கிற கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, நிமிர்ந்தும் பாராமல் தீர்ப்புச் சொல்வாள்.

“மஞ்சள் வால்க்காரன்ர பிளேனில சாப்பாடு பறவாயில்லை. ஆனா கடைசி வரிசைக்கு வண்டில் வரேக்கை மீன் முடிஞ்சுபோம், இறைச்சிதான் மிஞ்சும். இறைச்சி தின்னாத வெள்ளிக்கிழமை ஏறினா வெறும் பாணைத் தின்னுற யோசனையோட ஏறு. நட்சத்திரக்காரன் போர்வை தருவான், கேட்டாத்தான் தருவான். மூண்டு கோட்டுக்காரன்ர பக்கம் தலை வைச்சும் படுக்காதை.”

கம்பனிகளின் பெயர்களை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. விமானத்தின் வாலில் என்ன கீறியிருக்கிறதோ அதுதான் அவளுக்குப் பெயர்.

இந்த அறிவு அவளுக்குச் சும்மா வரவில்லை. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊர்த் தீவை விட்டு ஓடி, மடுக் கோயில் வளவில் கூடாரம் போட்ட சனத்தில் அவளும் ஒருத்தி. தொண்ணூற்றாறில் புருசன் கடலுக்குப் போனான், திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று போய்க் கேட்க ஒரு கந்தோர் வாசல்கூட அப்போது திறந்திருக்கவில்லை. அடுத்த வருடம், நாலு வயது மகள் மதுஷிகாவைத் தமக்கையின் கையில் கொடுத்துவிட்டு, வளைகுடா நாட்டில் ஒரு பெரிய வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனாள். பதின்மூன்று வருடம் அங்கே இருந்தாள். அந்த வீட்டில் ஒன்று நடக்கத் தொடங்கினால் மற்றது பிறந்துவிடும். அந்தக் குடும்பம் வருடத்தில் இரண்டு தரமாவது ஐரோப்பாவுக்குப் பறக்கும். செலீனாவும் கூடவே பறப்பாள்.

கூடவே என்றால் எப்படிக் கூடவே? அவர்களுக்கு முன்பக்கம், அவளுக்கு வால்பக்கம், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில். வேலை மட்டும் முன்பக்கம். குழந்தை சிணுங்கினால் பணிப்பெண் பின்னுக்கு வந்து விரலால் கூப்பிடுவாள். செலீனா எழும்பி, முப்பது வரிசையைக் கடந்து, நடுவில் தொங்குகிற திரையை விலக்கி உள்ளே போவாள். குழந்தையைத் தோளில் போட்டு, அது நித்திரையாகும்வரை நடந்துவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். சாப்பாடு அதற்குள் ஆறிப்போயிருக்கும், இல்லாவிட்டால் தட்டையே எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

முன்பக்கத்துக் கதிரைகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நட்சத்திரக்காரனிடம் மெத்தை தடிப்பு. மஞ்சள் வாலில் கால் நீட்ட இடம் கூட. மூன்று கோட்டுக்காரன் படுக்கையைத் தானே விரித்து, தலையணையையும் தட்டிக் கொடுப்பான். பீங்கானில் சாப்பாடு வரும், சூடான துவாயை இடுக்கியால் எடுத்து நீட்டுவார்கள். ஆனால் அவள் விமானங்களை அளந்தது இதையெல்லாம் வைத்தல்ல, அந்தத் திரையடியில் தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதை வைத்துத்தான். மஞ்சள் வாலில் பேசாமல் விடுவார்கள். நட்சத்திரக்காரனிடம் வேலை செய்த ஒரு பிலிப்பைன்ஸ்காரி, முன்னுக்கு மிஞ்சின ஐஸ்கிறீமை ஒருதரம் திரைக்குப் பின்னால் வைத்து அவளுக்குத் தந்தாள். அவளுக்காகச் செலீனா இன்றைக்கும் ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்வாள். மூன்று கோட்டுக்காரர் மட்டும், ஆறு தரம் பார்த்த முகத்திடம் ஏழாந்தரமும் ரிக்கற் கேட்பார்கள்.

யாரோ பெற்ற பிள்ளை மேகத்துக்கு மேலே அவள் தோளில் நித்திரை கொண்டது. அவள் பெற்ற பிள்ளை முதலில் மடுவிலும், பிறகு வன்னி முழுக்க இழுபட்டு, கடைசியில் செட்டிகுளம் முகாமிலும் வெறும் நிலத்தில் படுத்தது. இதை நினைத்தால் செலீனாவுக்கு வயிறு பற்றி எரியும். எரியாவிட்டால் அவள் என்ன தாய்?

இரண்டாயிரத்துப் பத்தில் முகாமிலிருந்த சனத்தைச் சொந்த இடங்களுக்கு விடத் தொடங்கியபோது அவளும் வேலையை உதறிவிட்டு வந்தாள். தமக்கை பிள்ளையைக் கையில் தந்தாள். பிள்ளை தாயைவிட உயரமாக வளர்ந்திருந்தது. வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறை வீடொன்று கிடைத்தது. மதுஷிகா விட்ட இடத்திலிருந்து படித்து உயர்தரம் எடுத்து, ஊர் முன்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஆனாலும் கொழும்பிலோ அதற்கு அப்பாலோ போய் மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் எமில் வந்தான். செலீனாவின் புருசனுடைய தமையன் மகன், கனடாவில் இருப்பவன். மதுஷிகாவுக்கு அண்ணன் முறை. இரண்டாயிரத்துப் பதினாலில் மடு ஆவணித் திருநாளுக்கென்று மனைவி றொஷாந்தியோடும் இரண்டு வயது மகளோடும் வந்தான். அவர்கள் கனடாவிலிருந்து புறப்படுமுன்னரே பேச்சு முடிந்திருந்தது. மதுஷிகாவை அவர்கள் கூட்டிக்கொண்டு போய்க் கல்லூரியில் சேர்ப்பார்கள். விசாவும் வந்துவிட்டது. செலீனா மனமாரச் சம்மதித்தாள். தன் மகள் படிக்கப் போகிறாள், சொந்தக்காரரோடு சொந்தக்காரியாகப் பறக்கப் போகிறாள் என்று கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

திருநாள் முடிந்து ஐந்தாம் நாள் மத்தியானம் எமில் குடும்பத்தோடு வந்தான். அன்று பின்னேரம் ஆறு மணிக்கு முன்னர் ஏஜென்சிக்காரனுக்கு மதுஷிகாவின் ரிக்கற்றை உறுதி சொல்ல வேண்டும். மதுஷிகா முற்றத்து வேம்பின் கீழ் நாலு பிளாஸ்ரிக் கதிரை எடுத்துப் போட்டாள். மூன்றில் ஆள் இருந்தது. நாலாவது அவளுக்கென்று போட்டது. ஆனால் வந்து இறங்கியதுமே றொஷாந்தி குழந்தையை அவளுடைய இடுப்பில் ஏற்றிவிட்டதால், அவள் அதைச் சுமந்துகொண்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

எமில் விமானக் கதையை அவிழ்த்துவிட்டான்.

“சின்னம்மா, நீங்கள் நம்பமாட்டியள். பிஸ்னஸ் கிளாஸ் சீற் அப்பிடியே கட்டிலாப் போகும். போன முறை வேறை கம்பனியில வந்தனாங்கள், அது சரியான குப்பை. சாப்பாடு வாயில வைக்கேலாது. இந்த முறை காட் ஒண்டு தந்து, என்ன வேணும் எண்டு கேட்டுச் சமைச்ச மாதிரித் தந்தவங்கள். சல்மன் மீன், சின்னம்மா! பிளேனுக்குள்ளை மீன்!”

விடியற்காலையில் வள்ளத்திலிருந்து இறங்கின மீனை வெட்டிக் குழம்பு வைத்துக் கொடுத்தவளிடம் மீன் பெருமை பேசினான். செலீனா பொறுத்துக்கொண்டாள்.

“சாப்பாட்டை விடுங்கோ, சேர்விஸ்தான் முக்கியம்,” என்றாள் றொஷாந்தி. “பேர் சொல்லித்தான் கூப்பிடுவினம்.”

பிறகு எமில் ஒரு சாம்பல் நிறத் துணிப்பையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். சிப்பு இழுத்துப் பூட்டுகிற சின்னப் பை. “கனடாவில இருந்து உங்களுக்கெண்டு வாங்கிக் கொண்டந்தது.”

வாங்கினதாம்! முன்பக்கத்துக் கதிரைக்காரர் எல்லோருக்கும் விமானத்தில் இனாமாகக் கொடுக்கிற பை அது. திறந்து பார்க்கவே தேவையில்லை. உள்ளே ஒரு சோடிக் காலுறை, கண்ணுக்குக் கட்டுகிற துணி, விரல் நீளத்தில் ஒரு பல்தூரிகை இருக்கும். எசமானி எறிந்துவிட்டுப் போன இந்தப் பைகளைப் பொறுக்கி, பதின்மூன்று வருடமாகத் தமக்கைக்கு அனுப்பியவள் செலீனா. சண்டைக்குள் தமக்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோதும் மதுஷிகாவின் பிறப்புச் சான்றிதழ் அப்படியொரு பைக்குள் கிடந்துதான் நனையாமல் தப்பியது. மதுஷிகா பையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

செலீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய மூளையில் வேறொன்று தட்டியது.

“எமில், இவளுக்கு எங்க சீற் போட்டிருக்கிறாய்?”

“ஒரே பிளேன்தான் சின்னம்மா. நாங்கள் முன்னுக்கு, மது பின்னுக்கு. எக்கொனமியும் இப்ப நல்லம், படம் எல்லாம் பாக்கலாம்.”

“சின்னவள்?”

“அவ எங்களோட. இடையில அழுதாளெண்டா ஆள் அனுப்பி மதுவை முன்னுக்குக் கூப்பிடுவம். அதுக்கு விடுவாங்கள், கதைச்சுப்போட்டன்.”

“வாலில என்ன கீறியிருக்கு?”

“என்னது?”

“பிளேன்ர வாலில.”

எமில் சிரித்தான். “ஏதோ மூண்டு கோடு மாதிரிக் கிடந்தது. ஏன் சின்னம்மா?”

செலீனா எழும்பினாள். எழும்பும்போது இடது முழங்கால் அவளை ஒருதரம் பின்னுக்கு இழுத்தது. அந்தக் காலை மடக்கி அவளால் கோயிலிலும் முழந்தாளிட முடியாது. கடற்கரை வேலையில் தேய்ந்துபோன கால் என்று ஊர் நினைத்திருந்தது, அவளும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

“நீ எனக்கு உந்தப் பிளேனைப் பற்றிச் சொல்லித்தர வந்தனியோ? நீ இருந்த கதிரையில பொத்தான் இடக்கைப் பக்கம், மேலயிருந்து மூண்டாவது. அமத்தினா முதல்ல கால் எழும்பும், பிறகுதான் முதுகு சரியும். உன்ர மீனுக்கு மேல எலுமிச்சந்துண்டு ஒண்டு வைச்சிருப்பாங்கள். சரியோ, பிழையோ?”

எமில் தலையை மட்டும் ஆட்டினான்.

பிறகு அவள் அதுவரை ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னாள். இரண்டாயிரத்தொன்பது, பெரிய வெள்ளி. வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்த நாட்கள். ஆறு கிழமையாக மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மகள் உயிரோடு இருக்க வேண்டும் என்று செலீனா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருசந்தி இருந்தாள். அந்த நாளிலும் எசமானின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று கோட்டுக்காரனின் முன்பக்கத்தில் நடக்கவேண்டியிருந்தது. விமானம் உலுக்கத் தொடங்கியது. எல்லோரையும் கதிரைப் பட்டியைக் கட்டச் சொன்னார்கள். அங்கே ஆறு கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. தலை சுற்றியதால், பிள்ளை விழுந்துவிடும் என்ற பயத்தில், அவள் பிள்ளையோடு ஒன்றில் இருந்துவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பணிப்பெண் வந்து, இது உன்னுடைய இடமில்லை என்றாள். பிள்ளையைப் பறித்து எசமானியின் மடியில் வைத்துப் பட்டியைக் கட்டினாள். செலீனாவைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டாள். விமானம் அடுத்த தரம் உலுக்கியபோது அவள் வரிசைகளுக்கு நடுவில் விழுந்தாள், முழங்கால் கதிரையின் இரும்பில் போய் மோதியது.

“நான் எத்தினை வருசம் வளத்த பிள்ளையள்!” என்றாள் செலீனா. “ஒரு ஆள் திரும்பிப் பாக்கேல்லை. எசமானி என்ன கேட்டவ தெரியுமோ? பிள்ளைக்கு நோகேல்லையோ எண்டு கேட்டவ. இந்தக் கால் கடலில போனதில்லை, எமில். உன்ர மூண்டு கோட்டிலதான் போனது.”

எமில் தொண்டையைச் செருமினான். “அவங்கள் பிறத்தியார் சின்னம்மா. நாங்கள் சொந்தம். நாங்கள் அப்பிடி நடத்துவமோ?”

“சொந்தமெண்டா ஏனடா அவளுக்குத் திரைக்குப் பின்னால இடம் போட்டனி? பின்னால இருக்கிறதும் பெரிசில்லை, ஆயிரம் சனம் இருக்குது. கூப்பிட்ட உடனை ஓடிவர ஒரு ஆளைப் பின்னால வைச்சுக் கொண்டுபோறாய் பார், அதைத்தான் கேக்கிறன்!”

செலீனாவின் குரல் பக்கத்து வளவுவரை கேட்டது. கோபத்துக்குள்ளே ஒரு பயமும் இருந்தது. மகள் இப்போது தன்னைத்தான் எதிர்ப்பாள் என்ற பயம். போன கிழமை முழுக்க அவள் பெட்டியை அடுக்குவதும் கலைத்து அடுக்குவதுமாக இருந்ததைப் பார்த்தவள் அல்லவா. மகள் போகத்தான் வேணும் என்று சொன்னால், மறிக்க இந்தத் தாய்க்கு என்ன உரிமை இருக்கிறது? வளர்த்தவள் தமக்கை.

மதுஷிகா குழந்தையோடு கிட்ட வந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. “அண்ணா, அங்க வந்து நான் எப்ப கொலிஜ் தொடங்கிறது?”

“தொடங்கலாம், தொடங்கலாம். அதுக்கென்ன அவசரம்? சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டுமன்.”

குழந்தைக்கு வயது இரண்டு. மதுஷிகா முன்பள்ளி ஆசிரியை, பிள்ளைகள் எத்தனை வயதில் பள்ளிக்கூடம் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரம் குழந்தை கண்ணைக் கசக்கி அழத் தொடங்கியது. றொஷாந்தி கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள். “நித்திரைக்கு அழுறாள், மது. கேற்றடிக்கு ஒருக்காக் கொண்டு திரியுமன்.”

மதுஷிகா கேற்றடிக்குப் போகவில்லை. குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி றொஷாந்தியின் மடியில் பக்குவமாக வைத்தாள். பிறகு வந்து, இவ்வளவு நேரமும் வெறுமையாகக் கிடந்த நாலாவது கதிரையில் இருந்தாள். முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் கதிரைக் கையில் வைத்தாள்.

குழந்தை வீரிட்டது. எமில் மதுஷிகாவைப் பார்த்தான். றொஷாந்தியும் மதுஷிகாவைத்தான் பார்த்தாள். அவள் எழும்பவில்லை.

“நான் வரேல்லை அண்ணா,” என்றாள்.

செலீனா சாம்பல் நிறப் பையை எடுத்து எமிலின் கையில் திரும்பத் திணித்தாள்.

“இதைக் கொண்டுபோ, பல்லுத் தீட்ட உதவும். ஆறு மணிக்கு முன்னம் ஏஜென்சிக்காரனுக்குச் சொல்லிப்போடு, பின்னுக்கு ஒரு சீற் வெறுமை எண்டு.”

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. றொஷாந்தி கைப்பேசியைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பி, தன் பிள்ளையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு கேற்றடிப் பக்கம் நடந்தாள்.