கணவர் கையொப்பம்

அந்த மகப்பேறு மருத்துவமனையில் ஆயாவிலிருந்து பெரிய டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் சீல் அக்காதான். மூன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற படிவங்களில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சீலை மையில் ஒத்தி ஓங்கி ஒரு போடு போடுவது அவள் வேலை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் வந்த வழியே திரும்பிப் போகும். பதினைந்து வருஷத்தில் அவள் சீல் விழுந்த ஒரு தாள்கூட மேலிடத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதற்கும் தலைக்கனம் கொள்ள அவளுக்கு வாய்ப்பு அமையவில்லை.

அவள் கணவர் ஒரு காலத்தில் இதற்கு நேர் எதிர். பார்சல் ஆபீஸில் புக்கிங் கிளார்க். ஒரு நாளைக்கு முந்நூறு ரசீதில் கையெழுத்துப் போடுகிற மனிதர் எதைத்தான் படிப்பார்? நீட்டின இடத்தில் போட்டுக்கொண்டே போவார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில், பிரசவத்துக்காக மனைவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, நர்ஸ் மூன்று தாளை நீட்டினாள். மூன்றிலும் போட்டார். முதல் தாள் மயக்க மருந்துக்கு. இரண்டாவது அறுவைக்கு. மூன்றாவது, இனிமேல் இவளுக்குக் குழந்தை வேண்டாம் என்பதற்கு.

பெண் குழந்தை பிறந்தது. அதற்குத் தம்பியோ தங்கையோ ஏன் வரவில்லை என்று ஆறு வருஷம் கழித்தும் இருவரும் மாத்திரையும் பரிசோதனையுமாக அலைந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, "உங்களுக்குத்தான் அப்பவே ஆபரேஷன் பண்ணிட்டாங்களேம்மா, தெரியாதா?" என்று கேட்டார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவள் புருஷனிடம் சொன்னது ஒன்றே ஒன்று.

"படிச்சுப் பாத்திருக்கலாம்ல."

அன்றிலிருந்து அவர் எல்லாவற்றையும் படிக்கிறார். மாத்திரை அட்டையின் பின்பக்கம், கரண்ட் பில்லின் அடிக்குறிப்பு, பஸ் டிக்கெட்டின் பொடி எழுத்து. உரக்க வேறு. அவளோ பரீட்சை எழுதி இந்த ஜன்னலுக்கு வந்து சேர்ந்தாள். வீட்டுக் குளியலறைச் சுவரில் துண்டு மாட்ட நாலு கொக்கி. குடிவந்த புதிதில் அவர் அடித்தது. மூன்று பேருக்குப் போக மிஞ்சிய நாலாவதில் ஒரு தடவை குடையை மாட்டிவிட்டு, என்ன தோன்றியதோ, அவரே அவசரமாக எடுத்துவிட்டார். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. ஆனால் ஜன்னல் வரிசையில் பள்ளிச் சீருடையோடு யாராவது நின்றால், நம்மது இந்த உயரம் இருக்கும் என்று அவள் மனசு சத்தமில்லாமல் அளந்துவிடும். வராத பிள்ளைக்கு வயது மட்டும் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவளிடம்தான் கருக்கலைப்புப் படிவங்களும் வந்தன. இதை விதி என்று சொல்லலாம். ஆபீஸ் ஆணையில் 'வேலைப் பங்கீடு' என்று போட்டிருந்தது.

பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற பெண் ஒருத்தி இரண்டு தடவை வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். படிவத்தின் அடியில் 'கணவர் கையொப்பம்' என்ற கோடு காலி. புருஷன் போட மாட்டேன் என்கிறான், தன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறான், அதற்கப்புறம் வீட்டுக்கே வருவதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வாரம்தான் கெடு. சீல் அக்கா இரண்டு முறையும் தன்மையாகத்தான் பேசினாள். கட்டம் நிரம்பவில்லை என்று தாளைத் திருப்பித் தந்தாள். இரண்டாம் முறை தந்தபோது மட்டும் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் தலைநீட்டியது. நாள் கடக்கட்டும், பிறந்துவிடட்டும் என்று. விதிப்படி நடந்துகொள்வதில் இப்படியும் ஒரு சௌகரியம் இருக்கிறது. மனசில் இருப்பதை மனசிலேயே வைத்துக்கொண்டு காரியத்தை மட்டும் நடத்திக்கொள்ளலாம்.

அந்த வாரம்தான் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தலாமா என்று அரசாங்கம் மருத்துவமனைகளிடம் கருத்துக் கேட்டிருந்தது. கண்காணிப்பாளர் அறையில் கூட்டம் போட்டார்கள். சீல் அக்கா கோப்புகளோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். உயிர் எப்போது தொடங்குகிறது என்பதில் ஆரம்பித்தார்கள். முடிவு தெரியவில்லை, டீ வந்தது. உடம்பு பெண்ணுடையது, முடிவும் அவளுடையது என்றார் பெரிய டாக்டரம்மா. அந்த உடம்புக்குள் இருப்பது தனி உயிர், அதற்காகப் பேச யாருமில்லை என்றார் கூட்டத்துக்கு அழைத்திருந்த ஒழுக்கச் சங்கத்துப் பெரியவர். உண்மையிலேயே குரல் தழுதழுத்தது. சீல் அக்காவுக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகப் பட்டது. அது அவளைத் தூங்கவிடாத சங்கடம். கூட்டத்தில் வேறு யாருக்கும் அந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

கணவரின் சம்மதம் சட்டத்தின் அஸ்திவாரம் என்று மருத்துவமனை வக்கீல் சொன்னபோது டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"சட்டத்துல எங்க இருக்கு? காட்டுங்க."

வக்கீல் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து புரட்டினார், பின்னாலிருந்து புரட்டினார். பிறகு, "படிவத்துலயே இருக்கே மேடம்," என்றார்.

எல்லோரும் படிவத்தைப் பார்த்தார்கள். இருந்தது. கூட்டம் திருப்தியோடு கலைந்தது.

சீல் அக்காவுக்குத்தான் திருப்தியில்லை. அன்று மதியம் ஸ்டோர் ரூமில் படிவக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். ஆக அடியில் கிடந்த பழைய கட்டில் அந்தக் கோடே இல்லை. பெண்ணின் கையெழுத்து, டாக்டரின் கையெழுத்து, அவ்வளவுதான். அடுத்த வருஷத்துக் கட்டில் கோடு முளைத்திருந்தது. பக்கத்தில் கிடந்த கருத்தடைப் படிவத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். அடிப்பகுதி அச்சு அசல் அதே. வேலை மிச்சம் என்று அச்சகத்தில் யாரோ அந்தப் படிவத்தின் வாலை வெட்டி இதில் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். பதினைந்து வருஷமாக அவள் காவல் காத்தது அந்த வாலை.

கருத்தடைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இதே கோட்டில்தான் அவள் கணவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அன்று அவள் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. இன்று அந்தப் பிஸ்கட் கம்பெனிப் பெண்ணின் கையெழுத்து யாருக்கும் போதவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண் மூன்றாம் முறையாக வந்தாள். கெடுவுக்கு ஒரு நாள் பாக்கி. கோடு அப்படியே காலி.

சீல் அக்கா தாளை வாங்கினாள். ஸ்கேலை எடுத்தாள். எடுத்தவள் வைத்துவிட்டாள். பதினாறு வருஷமாக வாயில் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் எட்டிப் பார்க்க வேண்டுமா?

"ஏம்மா, பெத்து யார்கிட்டயாவது குடுத்துடலாம்ல? ஆசையா வளர்க்கறவங்க இருக்காங்க."

அந்தப் பெண் கோபப்படவில்லை.

"வளர்க்க ஆள் வரும் அக்கா. சுமக்க யாரு வருவா? நின்னுட்டே வேலை. ஒக்காந்தா சூப்பர்வைசர் சீட்டைக் கிழிச்சுடுவான். ரெண்டு புள்ளைங்க என்னை நம்பித்தான் இருக்கு." பிறகு, என்ன புரிந்ததோ, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஒண்ணு இருக்கு," என்றாள் சீல் அக்கா. ஸ்கேலை வைத்து 'கணவர் கையொப்பம்' மீது நேராக ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் 'தேவையில்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டாள். சீல் மட்டும் வழக்கமான சத்தத்தோடு விழவில்லை. தூங்குகிற குழந்தை பக்கத்தில் வைப்பதுபோல மெதுவாக வைத்தாள். அடித்திருந்த கோட்டைப் பெரிய டாக்டரம்மா பார்த்தார், ஒன்றும் கேட்காமல் அந்தப் பெண்ணை உள்ளே அனுப்பினார்.

அடுத்த நாள் ஜன்னலைத் தாண்டும்போது அந்தப் பெண், "வரேன்னு சொல்ல மாட்டேன் அக்கா. போறேன்," என்றாள். ஆஸ்பத்திரியில் அதுதான் மரியாதை.

படிவம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. முதல் தடவையாக. அச்சிட்ட வரியை அடிக்க என்ன அதிகாரம் என்று கண்காணிப்பாளர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தார். ஒரு பக்கம் எழுதி, பழைய படிவத்தையும் கருத்தடைப் படிவத்தையும் பின் குத்தி வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

சாயங்காலம் கணவர் அதை வாங்கி வழக்கம்போல உரக்கப் படித்தார். 'சட்டத்தில் இல்லாத கையொப்பம்' வரைக்கும் குரல் கணீரென்று வந்தது. கருத்தடைப் படிவத்தைப் புரட்டியதும் நின்றுவிட்டது. அந்த அடிக்கோட்டை விரலால் ஒரு தடவை தடவினார்.

"இதுல நான் எங்கயாவது கையெழுத்துப் போடணுமா?"

"வேண்டாங்க. இதுல உங்களுக்கு இடமே இல்ல."

அவர் முகத்தில் ஆறுதலும் வந்தது, அடிபட்டது போலவும் ஆனது. எது முதலில் வந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. தாளை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார்.

"ரெண்டாவது இருந்திருந்தா இந்த வருஷம் பதினெட்டு," என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "அதுவே கையெழுத்துப் போடும்."

தான் மட்டும்தான் அந்த வயதை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தவள் பேனாவைத் திறந்தாள். விளக்கத்தின் அடியில் தன் பெயரை எழுதி முடித்த பிறகுதான் அவரைத் திருத்தினாள்.

"பதினேழுங்க. பெரியவளுக்கு அஞ்சு வயசாகட்டும்னு நீங்கதான சொன்னீங்க."

"நாலுன்னேன்."

"அஞ்சு."

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவளும்தான்.