இரண்டு சாம்பல் வண்டும் ஒரு கத்தரித் தோட்டமும்

பூச்சிகளைப் படம் வரையும் உத்தியோகத்தில் பெரிய தொல்லை, ஒன்றைப் போலவே இன்னொன்றையும் படைத்து வைத்திருப்பதுதான். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்கு ரோஜாப்பூ வரையத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சேலம் விவசாய ஆபீசில் கிடைத்ததோ மூக்கு வண்டு. பல்லிக்கும் பாச்சைக்கும் அலறும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும் என்று, குழந்தை தூங்கியதும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செத்த வேஷம்

முதல் நாள் டப்பாவைத் திறந்து காகிதத்தில் கொட்டினேன். அரிசி அளவுச் சாம்பல் வண்டுகள், எல்லாம் மல்லாந்து கிடந்தன. செத்ததுதானே என்று தைரியமாகப் பென்சிலை எடுத்தேன். மூக்கை வரைந்து முடிப்பதற்குள் ஒவ்வொன்றாகப் புரண்டு எழுந்து என் கைப்பக்கம் நடந்தன. ஆபீசர் வந்தபோது நான் நாற்காலிமேல் நின்றிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இறங்குங்கம்மா. அதுங்களும் உங்களைப் பார்த்துப் பயந்துதான் அப்படிப் படுத்திருந்தது."

திருநீற்றுப் பை

மோகனூரிலிருந்து நல்லம்மாள் வந்தாள். என் வயதுதான், இடுப்பில் குழந்தை. கத்தரி இலைகளெல்லாம் ஓரம் கடிபட்டிருக்கிறதாம். சாம்பல் வண்டில் இரண்டு ஜாதி. வெளுத்தது பெரும்பாலும் இலையோடு விட்டுவிடும். பழுப்பு ஜாதியின் புழுவோ மண்ணுக்குள் வேரையே தின்றுவிடும். அதுவானால் செடிகளைப் பிடுங்கிக் கொளுத்த வேண்டியதுதான். காய்ப்புக்கு வந்த தோட்டம், அதை விட்டால் சோற்றுக்கு வழியில்லை என்றாள்.

எந்த ஜாதி என்று எழுதித் தருவதும் என் வேலைதான். நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாமென்று, அவள் வண்டு பிடித்து வந்த பையை அவிழ்த்தேன். எல்லாம் ஒரே வெள்ளை. பத்திரமாக இருக்கட்டுமென்று திருநீற்றுப் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள்.

"நல்ல சேதி வரோணும்னுதானுங்க சாமி திருநீத்துல போட்டேன்."

தொடை முள்

தூரிகையால் கழுவினேன். திருநீற்றோடு, வண்டின்மேல் தூளாய் ஒட்டியிருந்த நிறமும் போய்விட்டது. அடையாளத்துக்கு மிச்சம் அதன் கால்தான். வெளுத்த ஜாதிக்குத் தொடையில் முள் பெரிது. மற்றதற்குத் தேடித்தான் பார்க்க வேண்டும். லென்ஸில் பெரிய முள்தான் தெரிந்தது. ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. நான் தப்பாகச் சொன்னால் அவள் குழந்தையல்லவா பட்டினி கிடக்கும்? வேரைப் பார்க்காமல் எழுதித் தர மாட்டேன் என்று ஆபீசரிடம் சொன்னேன். நேரில் போய்ப் பார்த்து வாருங்கள் என்றார்.

மறுநாள் தோட்டத்தில், மூலைக்கு ஒன்றாகச் செடி பிடுங்கச் சொல்ல எனக்கே நாக் கூசியது. நல்லம்மாள் தயங்காமல் பிடுங்கி மண்ணை உதறினாள். எந்த வேரிலும் ஒரு கடி இல்லை. காய்த்த செடிகளை வீணாக்கிவிட்டேனே என்று வருத்தப்பட்டேன்.

"நாலு செடி போனாப் போகுதுங்க சாமி. பொழுதன்னிக்கும் பயந்துட்டுத் தூங்காமக் கெடக்க முடியுமாங்க?"

வீட்டில் எல்லோரும் குறை சொல்லும் என் பயந்த சுபாவத்துக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டிருக்கும் இடம், சகோதரிகளே, இந்தப் பூச்சி ஆபீஸ் ஒன்றுதான்.